‘மியூசிக் டைரக்டர்’ என்றால் இசையமைப்பாளரா? இசை பற்றிய ஆங்கிலச் சொற்களில் எங்கே தடுமாறுகிறோம்?

மும்பையில் பிறந்த ஸுபின் மேத்தா 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும், 1978 முதல் 1991 வரை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும் ‘மியூசிக் டைரக்டர்’ ஆக இருந்தார். இந்த வரியை நம்ம ஊரில் ஒருவர் படித்தால் முதலில் கேட்கும் கேள்வி, “அப்படியா, எந்தப் படத்துக்கு மியூசிக் போட்டார்?” என்பதாகத்தான் இருக்கும்.

அவர் போட்ட படம் என்று எதுவும் இல்லை. அவருடைய வேலை வேறு. மேடையில் நூறு பேர் கொண்ட இசைக்குழுவை கையசைத்து நடத்துவதும், அந்த ஆண்டு எந்தெந்தப் படைப்புகளை வாசிப்பது, யாரைக் குழுவில் சேர்ப்பது என்று முடிவு செய்வதும்தான் மேற்கத்திய நாடுகளில் ஒரு ‘மியூசிக் டைரக்டர்’ செய்வது. வாசிக்கப்படும் இசையை எழுதியவர் பீத்தோவனாகவோ மோட்ஸார்ட்டாகவோ இருப்பார்.

இந்தியாவில் ‘டைரக்டர்’ படத்தை இயக்குபவர், ‘மியூசிக் டைரக்டர்’ இசையை இயக்குபவர் என்று சினிமா டைட்டில் கார்டு வழியாகவே இந்தச் சொல் பழகிவிட்டது. உள்ளூரில் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் ஓர் இளம் இசையமைப்பாளர் வெளிநாட்டு இசைக் கல்லூரிக்கோ, திரைப்பட விழாவுக்கோ தன்னைப் பற்றி நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும்போது ‘ஐ ஆம் எ மியூசிக் டைரக்டர்’ என்று எழுதினால், எதிரில் இருப்பவர் அவரை இசைக்குழு நடத்துநர் என்றோ, தேவாலயப் பாடகர் குழுவின் பொறுப்பாளர் என்றோதான் புரிந்துகொள்வார். ‘ஃபிலிம் கம்போசர்’ என்று இரண்டே சொல்லில் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

சொற்களுக்கும் ஜோடி உண்டு

எந்த மொழியிலும் சில சொற்கள் சில சொற்களோடுதான் சேரும். தமிழில் மழை ‘பெய்யும்’, காற்று ‘வீசும்’. மழை வீசியது என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனாலும் காதில் உறுத்தும். ஆங்கிலத்தில் இசையமைப்பாளர்களைப் பற்றிப் பேசும்போதும் இப்படிப் பழகிப்போன ஜோடிகள் இருக்கின்றன. அவற்றைச் சொற்சேர்க்கை என்பார்கள்.

முதலில் அடிப்படையான ஒன்று. ‘மியூசிக் கம்போசர்’ என்று இந்தியப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் ‘கம்போசர்’ என்றாலே இசையை உருவாக்குபவர்தான். அதனால் முன்னால் ‘மியூசிக்’ தேவைப்படுவதில்லை. அதற்குப் பதில் எந்த வகை இசை என்பதைச் சொல்லும் சொல்தான் அந்த இடத்தில் வரும். ஃபிலிம் கம்போசர், ஓபரா கம்போசர், வீடியோ கேம் கம்போசர் என்றெல்லாம். இருவர் சேர்ந்து இயங்கினால் ‘கம்போசர் டுயோ’. 1965-ல் பிரிவதற்கு முந்தைய விஸ்வநாதன்-ராமமூர்த்தி அப்படிப்பட்ட இணை.

அடுத்து வினைச்சொற்கள். பிழைகள் அதிகம் விழுவது இங்கேதான். தமிழில் ‘மெட்டுப் போட்டார்’ என்கிறோம். அதை அப்படியே ‘ஹீ ட்யூன்ட் தி சாங்’ என்று எழுதுகிறவர்கள் இங்கே ஏராளம். ஆங்கிலத்தில் ‘ட்யூன்’ என்பதை வினையாகப் போட்டால் கிட்டார் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது என்றுதான் பொருள். பாட்டை ட்யூன் செய்ய முடியாது, வீணையைச் செய்யலாம்! அதேபோல் ‘இசை கொடுத்தார்’ என்பதிலிருந்து பிறந்த ‘கேவ் மியூசிக்’ என்பதும் நம்ம ஊர்த் தயாரிப்புதான்.

அங்கே சகஜமாகப் புழங்குவது என்ன? ஆச்சரியமாக இருக்கலாம், ‘ரைட்’ தான். சிம்பொனியை ‘எழுதினார்’, பாடலை ‘எழுதினார்’ என்றே ஆங்கிலத்தில் சொல்வார்கள். மேற்கத்திய மரபில் இசை என்பது தாளில் குறிப்புகளாக எழுதப்படுவது என்பதால் வந்த பழக்கம் இது. கொஞ்சம் முறையாகச் சொல்ல ‘கம்போஸ்’. படத்துக்கு இசையமைத்தால் ‘ஸ்கோர்டு தி ஃபிலிம்’. ஏற்கெனவே இருக்கும் கவிதைக்கு இசை கோத்தால் ‘செட் தி போயம் டு மியூசிக்’. பாரதியார் பாடல்களுக்கு இசையமைப்பது இந்தக் கடைசி வகை. கவிதை முன்பே இருக்கிறது, இசை பிறகு வந்து சேர்கிறது. நம் திரைப்படங்களில் பெரும்பாலும் மெட்டு முதலில் வந்து வரிகள் பிறகு வருவதால், அங்கே இந்தத் தொடரைப் போட்டால் வரிசை தலைகீழாகிவிடும்.

‘மியூசிகல்’ என்பது இன்னொரு கண்ணி. ‘எ ரஹ்மான் மியூசிகல்’ என்று விளம்பரங்களில் பார்க்கிறோம், ரஹ்மான் இசையில் வந்த படம் என்ற பொருளில். ஆங்கிலத்தில் மியூசிகல் என்றால் பாடல்கள் வழியாகவே கதை நகரும் நாடகம் அல்லது படம். 2002-ல் லண்டன் வெஸ்ட் எண்டில் மேடையேறிய ‘பாம்பே ட்ரீம்ஸ்’ அந்தப் பொருளிலும் ரஹ்மானின் மியூசிகல்தான்.

ஸ்கோர் வேறு, சாங் வேறு, சவுண்ட்டிராக் வேறு

விருது நேரத்தில் செய்தி அறைகளே தடுமாறும் இடம் இது. ஆஸ்கரில் இசைக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. ‘ஒரிஜினல் ஸ்கோர்’ என்பது படம் முழுக்க ஓடும் இசைக்கானது, நாம் பின்னணி இசை என்று சொல்வது. ‘ஒரிஜினல் சாங்’ என்பது ஒரு தனிப் பாடலுக்கானது. அதில் இசையமைத்தவருக்கும் வரிகளை எழுதியவருக்கும் சேர்த்தே விருது. 2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டிலும் வென்றார். ‘ஜெய் ஹோ’ பாடலுக்கான விருது அவருக்கும் குல்சாருக்குமானது. 2023-ல் ‘ஆர்.ஆர்.ஆர்’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ வென்றது ஒரிஜினல் சாங் பிரிவில். இசையமைப்பாளர் கீரவாணியோடு பாடலாசிரியர் சந்திரபோஸும் ஆஸ்கர் வெற்றியாளரே. ஆனால் அன்றைய தலைப்புகளில் இரண்டாவது பெயர் பல இடங்களில் காணாமல் போனது.

இதில் ‘ஒரிஜினல்’ என்பதை ‘அசல்’ என்று மொழிபெயர்க்கும்போது, போலிக்கு எதிர்ப்பதம் என்ற தொனி வந்துவிடுகிறது. இங்கே அதன் பொருள், அந்தப் படத்துக்காகவே புதிதாக உருவாக்கப்பட்டது என்பதுதான்.

‘ஆஸ்கர்-வின்னிங்’ என்பதற்கும் ‘ஆஸ்கர்-நாமினேட்டட்’ என்பதற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதற்காக நாமினேட் ஆனார் என்பது முக்கியம். ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் தாலாட்டுப் பாடலுக்காகப் பாம்பே ஜெயஸ்ரீ 2013 ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பாடியதும் அவர்தான் என்பதால் ‘ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட பாடகி’ என்று எழுதப்பட்டது. உண்மையில் ஆஸ்கரில் பாடியதற்குப் பரிசே கிடையாது. அவர் பெயர் இடம்பெற்றது பாடல் வரிகளுக்காக. இசை மைக்கேல் டானா. அந்தப் படத்தின் ஸ்கோருக்காக அன்று டானா ஆஸ்கர் வாங்கினார்.

நம் தேசிய விருதிலும் இந்தப் பிரிவினை உண்டு, பாடல்களுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று. ஜி.வி.பிரகாஷ் குமார் இரண்டையும் வாங்கியவர். ‘சூரரைப் போற்று’ படத்துக்குக் கிடைத்தது பின்னணி இசைக்கான விருது, ‘வாத்தி’ படத்துக்குக் கிடைத்தது பாடல்களுக்கானது. இரண்டையுமே ‘பெஸ்ட் மியூசிக் டைரக்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் எந்த வேலைக்கு எந்த விருது என்பது மறைந்துபோகிறது. ‘பேக்கிரவுண்ட் ஸ்கோர்’ என்ற தொடரும் பெரும்பாலும் இந்தியாவில் புழங்குவதுதான். ஹாலிவுட்டில் வெறும் ‘ஸ்கோர்’. பிஜிஎம் என்ற சுருக்கத்தை அங்கே சொன்னால் கடைகளில் மெல்லிதாக ஓடும் இசையை நினைத்துக்கொள்ளக்கூடும்.

சவுண்ட்டிராக்? பொதுவாக, படத்தின் பாடல்களோ இசையோ தொகுப்பாக வெளியாகும் ஆல்பம். அதில் ஸ்கோர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

புகழ்வதிலும் கணக்கு இருக்கு

‘ரினவுண்ட் கம்போசர்’, ‘எமினன்ட் கம்போசர்’, ‘நோட்டட் கம்போசர்’, ‘வெட்டரன் கம்போசர்’, ‘லெஜண்டரி கம்போசர்’. செய்திகளில் இவை கிட்டத்தட்ட பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். இவற்றில் ‘வெட்டரன்’ அனுபவத்தைச் சொல்வது. திறமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ‘லெஜண்டரி’ இப்போது மலிந்துவிட்டது, மூன்று படம் செய்தவருக்கும் போடுகிறார்கள். ‘நொட்டோரியஸ்’ என்பதும் ‘பிரபலமான’ என்றே சில அகராதிச் செயலிகளில் வரும். தப்பித்தவறியும் யாருக்கும் அதைப் போட்டுவிடாதீர்கள், அது கெட்ட பெயர் எடுத்தவருக்கு.

தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதில் முதலிடம் ‘ப்ரோலிஃபிக்’ என்ற சொல்லுக்குத்தான். சிறந்த என்ற பொருளில் போடுகிறார்கள். அதன் பொருள் எண்ணிக்கை மட்டுமே, ஏராளமாகப் படைத்தவர் என்று. ஜெர்மனியின் டெலமான் 3,000-க்கும் மேற்பட்ட படைப்புகளை உருவாக்கியவர். விவால்டி சுமார் 500 கான்செர்ட்டோக்கள் எழுதியவர். 1976-ல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த இளையராஜாவுக்கும் இது பொருந்தும். ஆனால் பத்தே படைப்புகளை விட்டுச்சென்ற மேதையை ‘ப்ரோலிஃபிக்’ என்று எழுத முடியாது. பல வகைகளில் கைவந்தவர் என்றால் ‘வெர்சடைல்’. பின்னால் வந்தவர்களின் இசையை மாற்றியவர் என்றால் ‘இன்ஃப்ளூயென்ஷியல்’. மூன்றும் மூன்று வேறு பாராட்டுகள்.

‘மேட அ டெபியூ வித்’ என்பது முதல் படத்தைச் சொல்ல. ரஹ்மானுக்கு ‘ரோஜா’, 1992. ‘ஷாட் டு ஃபேம் வித்’ என்பது பெயர் வாங்கித் தந்த படத்தைச் சொல்ல. ரஹ்மானுக்கும் இளையராஜாவுக்கும் இரண்டும் ஒரே படமாக அமைந்தது, எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ‘மேஸ்ட்ரோ’ இத்தாலியச் சொல், ஆசான் என்று அர்த்தம். மேற்கில் அதிகமாக இசைக்குழு நடத்துநர்களை அழைக்கப் பயன்படுவது. தமிழ்நாட்டில் அது கிட்டத்தட்ட ஒருவருக்கே உரிய பெயராகிவிட்டது. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது, ‘கம்போஸ்டு’, ‘கண்டக்டட்’, ‘பெர்ஃபார்ம்டு’ மூன்றையும் கலந்துகட்டி எழுதிய செய்திகள் நிறைய வந்தன. உருவாக்குவது, இசைக்குழுவை நடத்துவது, வாசிப்பது மூன்றும் தனித்தனி வேலைகள். ஒரு படைப்பு முதன்முறை மேடையேறினால் ‘வேர்ல்டு ப்ரீமியர்’. யாராவது கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எழுதவைத்தால் ‘கமிஷன்டு பை’. இங்கே கமிஷன் என்பது தரகுப் பணம் அல்ல!

நீதிமன்ற இசையமைப்பாளர் யார்?

இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சில சேர்க்கைகள் சிரிப்பை வரவழைக்கும். ‘கோர்ட் கம்போசர்’ என்பதில் வருவது அரசவை. எஸ்டர்ஹாஸி பிரபுக் குடும்பத்திடம் சுமார் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஹைடன் ஓர் அவை இசைஞர். அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டாம்.

‘ரொமான்டிக் கம்போசர்’ என்றதும் காதல் பாட்டு போடுபவர் என்றே யாருக்கும் தோன்றும். ஆங்கிலத்தில் அது 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைக் காலகட்டத்தின் பெயர். ஷோபன், ஷூமான், சாய்கோவ்ஸ்கி எல்லாம் அந்த வரிசை. ஒருவர் காதலைப் பற்றி ஒரு வரிகூட இசைக்காமல் ரொமான்டிக் கம்போசராக இருக்கலாம். ‘கிளாசிக்கல் கம்போசர்’ இரண்டு பொருளில் வரும். பொதுவாக மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர் என்பது ஒன்று. ஏறத்தாழ 1750 முதல் 1820 வரையிலான காலத்தவர் என்பது இன்னொன்று. முதல் பொருளில் பாக் கிளாசிக்கல்தான். இரண்டாவது பொருளில் இல்லை, அவர் அதற்கு முந்தைய பரோக் காலத்தவர். ‘மைனர் கம்போசர்’ என்றால் வயது குறைந்தவர் என்றோ, மைனர் ஸ்கேலில் இசைப்பவர் என்றோ நினைக்க வேண்டாம், அதிகம் பேசப்படாத இரண்டாம் வரிசைக்காரர்.

‘லேட்’ இன்னும் ஆபத்தானது. ‘தி லேட் கம்போசர்’ என்றால் மறைந்த இசையமைப்பாளர். ஆனால் ‘லேட் பீத்தோவன்’ என்று ‘தி’ இல்லாமல் வந்தால், 1827-ல் இறந்த அவருடைய கடைசிக் காலப் படைப்புகள் என்று பொருள். ‘லேட் குவார்ட்டெட்ஸ்’ என்பதைத் தாமதமான நால்வர் என்று ஒரு செயலி தமிழாக்கித் தந்தால் அதைக் கோபிக்கவும் முடியாது. சிம்பொனியின் ‘ஃபர்ஸ்ட் மூவ்மென்ட்’ முதல் இயக்கம் ஆகி, ஏதோ போராட்டம் போலத் தோன்றுவதும் இப்படித்தான். அது முதல் பகுதி. ‘ஸ்கோர்’ என்பது மதிப்பெண்ணாக மாறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மிடம் உள்ள ‘வாக்கேயகாரர்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. சொல்லையும் இசையையும் தானே படைப்பவர் அவர். ‘சிங்கர்-சாங்ரைட்டர்’ என்றால் கையில் கிட்டாரோடு ஒரு இளைஞர்தான் மனதில் வருவார். தியாகராஜரை அப்படிச் சொல்ல எந்தப் பத்திரிகைக்கும் மனம் வரவில்லை. அதனால் ஆங்கிலத்தில் பிறந்ததுதான் ‘செயின்ட்-கம்போசர்’ என்ற சேர்க்கை. திருவையாறு ஆராதனைச் செய்திகளில் ஆண்டுதோறும் தவறாமல் வருவது. ஓரளவு வேலை செய்கிறது, ஆனால் கவிஞர் என்ற பாதி அதில் விழுந்துவிடுகிறது. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் ‘டிரினிட்டி’ என்பார்கள். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவர் ‘தமிழ் டிரினிட்டி’. பாடலுக்குள் படைத்தவர் தன் முத்திரையை வைப்பதை ஆங்கிலத்தில் ‘சிக்னேச்சர்’ என்கிறார்கள். தீட்சிதருக்கு ‘குருகுஹ’, சியாமா சாஸ்திரிக்கு ‘சியாமகிருஷ்ண’. டைட்டில் கார்டு இல்லாத காலத்தில் அதுதான் டைட்டில் கார்டு.

பெயருக்குப் பக்கத்தில் வரும் சொல், பணம்

இதெல்லாம் வெறும் ஆங்கில இலக்கணம்தானே என்று கேட்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, ‘கம்போசர்’ யார் என்று வரையறுத்தே வைத்திருக்கிறது. இசைக் குறிப்பாக எழுதிவைத்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, இசையை உருவாக்கியவரே கம்போசர். குறிப்பு எழுதாமல் வாயால் பாடிக்காட்டியே மெட்டமைக்கும் நம் மரபுக்கு இது பெரிய பாதுகாப்பு. இசைப் படைப்பின் ‘ஆத்தர்’ என்று சட்டம் சொல்வதும் அவரைத்தான். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பங்கு உண்டு.

ஆகவே, ‘கம்போஸ்டு பை’, ‘அரேஞ்சுடு பை’, ‘ப்ரொட்யூஸ்டு பை’ மூன்றும் ஒன்றல்ல. அரேஞ்சர் இருக்கும் மெட்டுக்கு எந்தெந்த வாத்தியம் எங்கே வரவேண்டும் என்று அமைப்பவர். மியூசிக் ப்ரொட்யூசர் ஒலிப்பதிவு முழுவதையும் வடிவமைப்பவர், பணம் போடுபவர் அல்ல. வீட்டிலேயே லேப்டாப்பில் எல்லாவற்றையும் தானே செய்யும் தனியிசைக் கலைஞர்கள், பாடலைப் பதிவேற்றும்போது ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் மட்டும் பெயரைப் போட்டுவிட்டு ‘கம்போசர்’ கட்டத்தைக் காலியாக விடுவதுண்டு. அந்தக் காலிக் கட்டம் வழியாகத்தான் ராயல்டி வரவேண்டும். ஸ்ட்ரீமிங் செயலிகளில் ‘ரிட்டன் பை’ என்று இருந்தால் அது பாடலாசிரியரை மட்டும் குறிப்பதாகவும் நினைக்க வேண்டாம். இசையமைப்பாளர் பெயரும் அதற்குள்ளேயே அடக்கம்.

‘பை’ என்பதற்கும் ‘அட்ரிபியூட்டட் டு’ என்பதற்கும் இடையிலும் நிறைய இருக்கிறது. பின்னதற்கு, இன்னார் படைத்ததாகச் சொல்லப்படுகிறது என்று மட்டுமே பொருள். அல்பினோனியின் பெயரில் உலகம் முழுக்க ஒலிக்கும் ‘அடாஜியோ’ 1958-ல் அச்சில் வந்தது. அதைப் படைத்தவர் ரெமோ ஜியாஸோட்டோ என்பதுதான் இன்று பொதுவான முடிவு. மோட்ஸார்ட்டின் ‘ரெக்வியம்’ அவர் 1791-ல் இறந்தபோது முடிந்திருக்கவில்லை. பிறகு ஸூஸ்மாயர் முடித்தார். அதனால் அதன் பக்கத்தில் ‘கம்ப்ளீட்டட் பை’ என்று இன்னொரு பெயர் வரும்.

இன்னொரு சேர்க்கை, ‘உமன் கம்போசர்’. ஆண்களை யாரும் ‘மேன் கம்போசர்’ என்று எழுதுவதில்லை, பிறகு இதற்கு மட்டும் ஏன் அடைமொழி என்ற கேள்வி நியாயமானது. ‘ஜோக்கர்’ படத்தின் ஸ்கோருக்காக 2020-ல் ஆஸ்கர் வென்ற ஹில்துர் குட்னடோட்டிரை வெறும் ‘கம்போசர்’ என்று எழுதினால் எதுவும் குறைந்துவிடாது. பெண் என்பதே செய்தியாக இருக்கும் இடத்தில் மட்டும் அந்தச் சொல் தேவைப்படுகிறது. அப்படி ஒரு இடம் 19-ம் நூற்றாண்டு ஜெர்மனி. ஃபேனி மெண்டல்சன் எழுதிய ஆறு பாடல்கள் அவருடைய தம்பி ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் பெயரில் அச்சாகியிருந்தன. 1842-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஃபெலிக்ஸ் போனபோது, அவருடைய தொகுப்பிலிருந்து தனக்குப் பிடித்த ஒரு பாடலை விக்டோரியா மகாராணி எடுத்துப் பாடிக்காட்டினார். பாடி முடித்ததும் ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று, அது அக்கா எழுதியது என்று. ஃபேனி தன் சொந்தப் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டது 1846-ல். அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.